பத்தும் சரி

1944ஆம் ஆண்டு ஒக்ரோபர் இருபத்தேழாம் திகதி காலை ஆறு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு, டார்ட்வெல் என்ற அமெரிக்க நாசகாரிக் கப்பல் கடலிலிருந்து ஒரு மனிதனைத் தூக்கியது. அதில் புதுமை ஒன்றும் இல்லை. பசிபிக் யுத்தத்தில் நாசகாரிக் கப்பல்கள் பார்த்த வேலையில் பாதி அதுதான். விமானந்தாங்கிக்குப் பின்னாலேயே ஓடுவது, விழுந்த விமானிகளைப் பொறுக்குவது, எண்ணெய் நிரப்புவது, திரும்பவும் ஓடுவது. மிதுனனை நிறுத்தியது அதற்கு அடுத்த வரி. தூக்கப்பட்ட ஆள் இடுப்பில் நீலச் சாரம் கட்டியிருந்தார் என்று எழுதியிருந்தது.

நீலச் சாரம். அமெரிக்கக் கப்பலின் லொக்கில்.

மிதுனனுக்கு நாற்பது வயது. கனடாவில், மோர்னிங்சைட்டில் வரிசை வீடு ஒன்றின் பேஸ்மென்ற் அறையில் இருந்துகொண்டு, மார்க்கம் என்ற பக்கத்து நகரத்தில் இருக்கும் ஒரு கொம்பனிக்காகப் பழைய கப்பல்களின் லொக்குகளைக் கொம்பியூற்றரில் தட்டிக் கொடுப்பது அவனுடைய வேலை. லொக் என்பது கப்பலின் நாட்குறிப்பு. நான்கு மணிநேரத்துக்கு ஒரு தடவை காவல் மாறும். மாறும்போது பொறுப்பான அதிகாரி நடந்ததை எழுதிக் கையெழுத்து வைப்பார். அதோடு மணிக்கொரு தடவை காற்று, அலை, வேகம், திசை என்று கட்டம் கட்டமாக இலக்கங்கள். திரையில் வருவது பழைய தாளின் படம், மங்கிய எழுத்து. மெசின் வாசித்தால் பாதி பிழை. அதனால் ஒரே பக்கத்தை இரண்டு பேர் தனித்தனியாகத் தட்டுவார்கள். இரண்டும் பொருந்தாவிட்டால் மார்க்கத்தில் இருக்கிற பரணி தொலைபேசியில் கூப்பிடுவான். ஒரு நாள் லொக்கைத் தட்டி முடிக்க ஒரு நாள் பிடிக்கும். ஒக்ரோபர் மாதக் கட்டு ஒக்ரோபர் முதலாம் திகதியே அவனுக்குக் கிடைத்திருந்தது. சனி ஞாயிறும் இருந்து தட்டுகிறவன் என்பதால் கப்பலின் திகதியும் சுவரில் தொங்கிய கோயில் கலண்டரின் திகதியும் ஒன்றாகவே ஓடிக்கொண்டிருந்தன.

ஒவ்வொரு நாளும் மாறாமல் வருகிற வரிகள் சில உண்டு. முன்போலவே பயணம். வெடிமருந்து அறைகள் பரிசோதிக்கப்பட்டன, நிலைமை வழமை. சூரியன் மறைந்தது, கப்பல் இருட்டாக்கப்பட்டது. காலை எட்டு மணிக்கு ஆட்கணக்கு எடுக்கப்பட்டது, குறைவில்லை. அந்தக் கடைசி வரி வரும்போது மட்டும் மிதுனன் படத்தைப் பார்க்கமாட்டான். கண்ணை விலக்கிக்கொண்டு விரல் பழக்கத்தில் தட்டிவிட்டுப் போவான்.

பிலிப்பைன்ஸ் பக்கத்துத் தீவுக்காரனாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நீலச் சாரத்தையும் தட்டினான். பக்கத்து அறையில் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் தும்மிக்கொண்டு எழும்பியது. சூட்டுக் காற்றோடு தகரம் காய்கிற மணமும், அதற்கு அடியில் இதுவரை இந்த வீட்டில் இல்லாத வேறொரு மணமும் வந்தது. கப்பலெண்ணெய். டீசலைவிடத் தடிப்பான, தொண்டையில் போய் ஒட்டுகிற மணம். பதினாறு வருடமாக அந்த மணத்தை அவன் முகரவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தான். வந்து இருந்தான். மறுபடியும் எழுந்து போய்க் குடித்தான்.

ஒக்ரோபர் இருபத்தேழு பத்மநாதன் அண்ணை கடலில் விழுந்த நாள். உலகத்தில் அது ஒரேயொருவனுக்குத்தான் தெரியும்.

பதினாறு வருடத்துக்கு முன், துருப்பிடித்த ஒரு சரக்குக் கப்பல் இருநூற்று எழுபது தமிழரை ஏற்றிக்கொண்டு தாய்லாந்துப் பக்கமிருந்து கனடாவுக்குப் புறப்பட்டது. அடித்தளத்தில் ஆளோடு ஆள் முட்டப் படுக்கை. தண்ணீர் போதாது. யாரும் அடிபட்டுக்கொள்ளக் கூடாது என்பதற்காகப் பத்துப் பேருக்கு ஒரு தலைவன் வைத்தார்கள். காலை எட்டு மணிக்குத் தலைவன் தன் ஆட்களை எண்ணிப் பார்த்து “பத்தும் சரி” என்று கூவவேண்டும். கூவினால் பத்துக் குவளைத் தண்ணீர் வரும். மிதுனனுக்கு அப்போது இருபத்துநாலு வயது. கணக்கில் கெட்டிக்காரன் என்று அவனையும் ஒரு தலைவனாக்கினார்கள். அவனுடைய பத்தில் மூத்தவர் பருத்தித்துறைக்காரரான பத்மநாதன் அண்ணை. மெக்கானிக். நல்ல மனிதர். அறுந்துபோன மிதுனனின் செருப்பை வயர்த் துண்டால் கட்டிக் கொடுத்தவர். இருந்தது ஒரு நீலச் சாரம். அதையே தோய்த்துத் தோய்த்துக் கட்டுவார்.

கப்பலின் பின்புறத்தில் கடலுக்கு மேலே நீட்டிக் கட்டிய பலகைதான் கக்கூஸ். இருபத்தேழாம் திகதி விடியப்புறம் அண்ணை அங்கே போனார். திரும்பி வரவில்லை. படுத்திருந்த மிதுனனுக்கு, இரும்புச் சுவருக்கு அப்பால், தண்ணீருக்குள் இருந்து, “தம்பி” என்று ஒரு குரல் கேட்டது. பிறகும் ஒருமுறை கேட்டது. எஞ்சின் அதற்கு முதல் கிழமைதான் இரண்டு தரம் நின்று போயிருந்தது; இன்னொரு தரம் நிறுத்தினால் கிளம்பாது, நடுக்கடலில் எல்லாரும் செத்தோம் என்று ஆட்கள் கதைத்துக்கொண்டிருந்தார்கள். அவன் எழும்பவில்லை. எழும்பியிருக்கலாம். எட்டு மணிக்குக்கூடச் சொல்லியிருக்கலாம், நாள் முழுக்க நீந்தக்கூடிய மனிதர் அவர். ஒன்பது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். வந்தது பழகின சொல்.

“பத்தும் சரி.”

பத்துக் குவளை வந்தது. பத்தாவதை அவன் குடித்தான். மற்றவர்கள் கேட்டதற்கு, அண்ணை காய்ச்சல்காரரின் பக்கம் போய்ப் படுத்திருக்கிறார் என்றான். அடுத்த நாளும் பத்தும் சரி. அதற்கடுத்த நாளும். தாகம் அப்படிப்பட்டது, ஐயோ, அதை அனுபவித்தவனுக்குத்தான் தெரியும். பதினொரு நாள் அந்த மனிதரின் தண்ணீரைக் குடித்தான். பன்னிரண்டாம் நாள், நவம்பர் ஏழாம் திகதி, இனியும் மறைக்க முடியாது என்று, இரவு அண்ணையைக் காணவில்லை என்று அழுதான். கப்பலே அழுதது. கற்பூரம் கொளுத்தினார்கள்.

நவம்பர் ஏழு என்றுதான் அண்ணையின் மனைவி மங்கையற்கரசிக்கும் சொல்லப்பட்டது. அவரும் மகள் சிவானியும் பிறகு மங்கையற்கரசியின் தம்பிக்காரனின் ஸ்பொன்சரில் கனடாவுக்கு வந்து சேர்ந்தார்கள். அன்றிலிருந்து வருடா வருடம் அந்த நாளின் திதியில் திவசம். வருடா வருடம் மிதுனனுக்கு அழைப்பு. கடைசியாக அவரோடு இருந்தவன் என்று அவனுக்குத்தான் முதல் பந்தி. செத்தவரின் நாள் பிழை, கொடுக்கிற எள்ளும் தண்ணீரும் பிழையான நாளில் யாருக்குப் போகிறதோ தெரியாது. அவன் அதைத் தெரிந்துகொண்டே இருந்து சாப்பிட்டுவிட்டு வருவான்.

இருபத்தெட்டாம் திகதி பின்னேரம் பரணி கூப்பிட்டான். சென்னைப் பையன், எப்போதும் பகிடியாகப் பேசுகிறவன்.

“மிதுனன், நேத்து பேஜ்ல ஒரு மிஸ்மேட்ச் வந்திருக்கு. யாரோ நீலச் சாரம் கட்டின ஆளைத் தூக்கினாங்கன்னு போட்டிருக்கீங்க?”

“ஓம். லொக்கில இருக்கு.”

“இல்லீங்க. நான் இமேஜ் பார்த்துட்டேன். எண்ணெய் ரொப்பினாங்க, முன்போலவே பயணம், அவ்வளவுதான். தூங்கிக்கிட்டே டைப் பண்றீங்களா என்ன?”

மிதுனன் படத்தைத் திறந்து பெரிதாக்கினான். இருந்தது. மற்ற வரிகளின் அதே தட்டச்சு, அதே மை, ஒரு எழுத்தின் வால் மட்டும் உடைந்திருக்கிற அதே அடையாளம். பரணிக்குச் சரி என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டு, அன்றைய பக்கத்தைத் திறந்தான்.

காலை எட்டுக்குப் பயிற்சி, பீரங்கிகள் துடைப்பு, ரேடார் திரையில் எதிரி விமானம் இல்லை. பத்து மணிக்கு அணியிலிருந்து பிரிந்து தனிப் பயணம், திசை வடகிழக்கு. பத்து நாற்பதுக்குக் கப்பலின் மருத்துவ உதவியாளர் அறிக்கை கொடுத்திருந்தார். நேற்றுத் தூக்கப்பட்டவருக்கு நாடி இல்லை. ஆள் தளத்தின் ஓரத்தில் நிற்கிறார்.

மிதுனன் அந்த வரியைத் தட்டவில்லை. விட்டுவிட்டுப் போனான். சேமித்தபோது அது இருந்தது.

இருபத்தொன்பதாம் திகதி அவன் வேலையைத் தொடங்கவே மூன்று மணியாகிவிட்டது. மனைவி நிலாணி முதியோர் இல்லத்தில் பின்னேர ஷிஃப்ட்; அவள் போனபிறகு வீடு முழுக்க ஃபர்னஸின் சத்தம்தான். வழக்கமாக ஒரே இரைச்சலாக ஓடுவது இப்போது விட்டுவிட்டு அடித்தது. தட், தட், தட். கதிரையின் காலில் அந்த அதிர்வு ஏறியது, மேசையில் வைத்த தண்ணீர்ப் போத்தலில் வட்டம் வட்டமாக எழும்பியது. தரை மெல்லச் சரிந்து நிமிர்ந்ததாகவும் இருந்தது. அவன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாசித்தான்.

மீட்கப்பட்டவருக்குக் குடிதண்ணீர் கொடுக்கப்பட்டது. ஏற்கவில்லை. தன்னுடைய பங்கை ஏற்கெனவே ஒருவர் வாங்கிவிட்டதாகச் சொல்கிறார்.

தொலைபேசி அடித்தது. மிதுனன் துள்ளிப்போனான்.

“தம்பி, நான் மங்கை அக்கா. வாற சனிக்கு அடுத்த சனி திவசம். வாறீர்தானே?”

“ஓம் அக்கா. வாறன்.”

“ஒரு விசயம் கேக்கவேணும் தம்பி.” அவர் குரலைத் தாழ்த்தினார். “ஐயர் ஒரு கதை சொன்னவர். நாங்கள் குடுக்கிற எள்ளுந் தண்ணியும் அவருக்குப் போய்ச் சேரேல்லையாம். நாள் பிழைச்சிருக்கோ எண்டு கேக்கிறார். எனக்கு எண்டா நித்திரையே இல்லை. கனவில வந்து வாயைத் திறந்து காட்டுறார். காய்ஞ்சுபோய்க் கிடக்கு. நாள் சரிதானே?”

இப்போது சொல்லலாம். மூன்று சொல் போதும். நாள் பிழை, அக்கா. ஆனால் சொன்னால் அடுத்த கேள்வி வரும், அதற்கு அடுத்த கேள்வி வரும், கடைசியில் குவளையில் வந்து நிற்கும். அந்த மனுசியின் வீட்டுப் படியை அதற்குப் பிறகு மிதிக்க முடியாது. சிவானி அவனை மாமா என்று கூப்பிடமாட்டாள். நிலாணிக்குத் தெரியவரும். ஊரே கதைக்கும்.

“சரிதான் அக்கா.”

“நீர் சொன்னாச் சரி. நீர்தானே ஆக்களை எண்ணினனீர்.”

ஃபோனை வைத்தபிறகு போத்தலை எடுத்து ஒரு மிடறு விழுங்கினான். உப்பாக இருந்தது. மேலே ஓடிப்போய்க் குழாயைத் திறந்து கையில் ஏந்திக் குடித்தான். அதுவும் உப்பு.

அன்றிரவு நிலாணி வந்ததும் குழாய்த் தண்ணீரைக் குடித்துப் பார்க்கச் சொன்னான். அவள் குடித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

“நல்லாத்தானே இருக்கு. ஏனப்பா இவ்வளவு தண்ணி குடிக்கிறியள்? ஃபிரிட்ஜில வைச்ச போத்தல் ஒண்டும் இல்லை. நாளைக்கே போய்ச் சுகர் பாருங்கோ.”

முப்பதாம் திகதியும் முப்பத்தோராம் திகதியும் கொம்பியூற்றரைத் திறக்கவே இல்லை. திறக்கமாட்டேன் என்று மூடிக்கு மேல் தலையணையை வைத்துவிட்டு மேலே இருந்து தொலைக்காட்சி பார்த்தான். இரண்டு நாளும் எட்டு மணிக்கு, காலையில் ஒருமுறை, இரவில் ஒருமுறை, பேஸ்மென்ற்றில், கப்பலில் காவல் மாறும்போது அடிக்கிற மணி அடித்தது. இரண்டிரண்டாக எட்டு அடி. நவம்பர் முதலாம் திகதி பொறுக்கமுடியாமல் இறங்கிப் போய்த் திறந்தால், இரண்டு நாள் பக்கங்களும் அவனுடைய பெயரிலேயே தட்டி முடிந்து கிடந்தன. எழுத்துப் பிழைகூட இல்லை.

முப்பது: மீட்கப்பட்டவர் ஆட்கணக்கின்போது தானும் வரிசையில் வந்து நின்றார். தன்னையும் எண்ணச் சொன்னார். எண்ணப்பட்டார்.

முப்பத்தொன்று: வெடிமருந்து அறைகள் பரிசோதிக்கப்பட்டன, நிலைமை வழமை. மீட்கப்பட்டவர் எஞ்சின் அறையில் வேலை செய்கிறார். நல்ல மெக்கானிக். கப்பலின் வேகம் கூடியிருக்கிறது.

மத்தியான நேரத்து இடக்குறிப்பைப் பார்த்தான். முதல் நாளில் பிலிப்பைன்ஸ் கரையோரம் நின்ற கப்பல் இப்போது ஜப்பானுக்குக் கிழக்கே திறந்த கடலில் இருந்தது. நவம்பர் கட்டில், இரண்டாம் திகதி இன்னும் கிழக்கே. மூன்றாம் திகதி திகதிக்கோட்டைத் தாண்டியிருந்தது. ஃபோனில் உலகப் படத்தைத் திறந்து ஒவ்வொரு நாளும் ஒரு புள்ளி குத்தினான். புள்ளிகள் ஒரு கோடாக வந்தன. கோட்டில் வளைவே இல்லை. அவனும் பதினாறு வருடத்துக்கு முன் அந்தக் கோட்டின் மேல்தான் வந்தான்.

வேறு வேலை தரச் சொல்லிப் பரணியிடம் கெஞ்சினான். “இன்னும் ஒரு வாரம் மேனேஜ் பண்ணுங்க, ப்ளீஸ்” என்றான் பரணி. பிறகு ஏதோ ஞாபகம் வந்தவனாக, “லைன்ல என்ன சத்தம்? பீச்ல இருக்கீங்களா?” என்று கேட்டான்.

நான்காம் திகதி, கப்பல் கனடாவின் மேற்குக் கரைக்கு வந்துவிட்டது.

இனி வரமுடியாது. மிதுனன் அதைச் சத்தமாகச் சொன்னான். இனி மலை இருக்கிறது, அதற்குப் பிறகு கோதுமை வயல், அதற்குப் பிறகு காடு. நாலாயிரம் கிலோமீற்றர் தரை. எந்தப் பெரிய நாசகாரியும் தரையில் ஓடாது. அந்த யோசனையில் ஏழு நாளைக்குப் பிறகு கொஞ்சம் சிரிப்புக்கூட வந்தது. அன்றிரவு ஒழுங்காகத் தூங்கினான்.

ஐந்தாம் திகதி கட்டங்களில் வேகம் குறையவே இல்லை. அலை உயரம் இருந்த இடத்தில் கோடு. ஆழம் இருந்த இடத்தில் கோடு. திசை கிழக்கு. முன்போலவே பயணம்.

கீழே ஒரு வரி. தன் தண்ணீரை வாங்கியவரின் பெயரை மீட்கப்பட்டவர் இன்று சொன்னார். பெயர் பதியப்பட்டது.

பெயர் ஆங்கிலத்தில், எழுத்துக்கு எழுத்து சரியாக, அவனுடைய ட்ரைவிங் லைசென்ஸில் இருக்கிறதுபோலவே இருந்தது.

ஆறாம் திகதி வெள்ளிக்கிழமை. குளிர்காலத்துக்காக மணிக்கூட்டைப் பின்னுக்கு வைத்த கிழமை என்பதால் ஐந்து மணிக்கே வெளியில் கறுத்துவிட்டது. பேஸ்மென்ற்றின் சின்ன யன்னலுக்கு வெளியே ஈரப்பனி தட்டிக்கொண்டிருந்தது, பக்கத்து வீட்டுக்காரன் காரை நிறுத்திக் கதவைச் சாத்துவது கேட்டது, மேலே ஃபிரிட்ஜ் முனகியது. இந்தச் சத்தங்களை எல்லாம் மிதுனன் ஒவ்வொன்றாக எண்ணி, இது இது, அது அது என்று தனக்கு அடையாளம் சொல்லிக்கொண்டு இருந்தான். எதிரே பக்கம் திறந்து கிடந்தது. இடக்குறிப்பு: வடக்கு நாற்பத்துமூன்று பாகை நாற்பத்தேழு கலை, மேற்கு எழுபத்தொன்பது பாகை பதினொரு கலை. ஃபோனில் தட்டினான். படம் சுழன்று, இறங்கி, தெரு தெரிந்தது, கூரை தெரிந்தது. அவனுடைய கூரை.

ஐந்து மணி ஒரு நிமிடம்: சூரியன் மறைந்தது. கப்பல் இருட்டாக்கப்பட்டது.

விளக்கு நின்றது. ஃபர்னஸ் நின்றது. ஃபிரிட்ஜ். எல்லாம்.

யன்னலுக்கு வெளியே தெரு விளக்குகள் எரிந்துகொண்டுதான் இருந்தன. இருட்டு வீட்டுக்குள் மட்டும். கொம்பியூற்றர் திரை ஒன்றுதான் மிஞ்சியது, அதன் வெளிச்சம் படியின் அடி வரைக்கும் எட்டியது. கப்பலெண்ணெய் மணம் நெஞ்சை அடைத்தது. மேலே, குசினிப் பக்கம், யாரோ நடந்தார்கள். வெறுங்கால். ஈரக்கால். ஒரு அடி. நின்றது. இன்னொரு அடி. துணியிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம், படியின் தலைப்பில், முதல் படியில், இரண்டாம் படியில்.

“தம்பி.”

மிதுனன் மேசைக்குக் கீழே போய் முழங்காலைக் கட்டிக்கொண்டான்.

“சொல்லுறன். நாளைக்குச் சொல்லுறன். அக்காட்ட எல்லாம் சொல்லுறன். சத்தியமாச் சொல்லுறன் அண்ணை.”

சொட்டுவது நின்றது. நெடுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு சடாரென்று விளக்கு வந்தது, ஃபர்னஸ் தும்மியது. திரையில் அன்றைய கடைசி வரி தானாகவே வந்து முடிந்திருந்தது. நாளை காலை எட்டு மணிக்கு மீட்கப்பட்டவர் கரையில் ஒப்படைக்கப்படுவார்.

படி முழுக்க ஈரம். அவன் துவாயால் ஒவ்வொரு படியாகத் துடைத்தான். பயம் போய்விட்டது என்று சொல்ல முடியாது, ஆனால் பதினாறு வருடத்துக்குப் பிறகு முதல்தடவையாக நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. சொல்லிவிட்டால் முடிந்தது. நாளைத் திருத்திக்கொள்வார்கள். அண்ணைக்குப் போகவேண்டியது போகும். அக்கா காறித் துப்பினாலும் துப்பட்டும்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கே புறப்பட்டான். திவசத்துக்கு ஆட்கள் பதினொரு மணிக்குத்தான் வருவார்கள். அதற்கு முதல் தனியாகச் சொல்லிவிடவேண்டும். மார்க்கம் வீதியில் மங்கை அக்காவின் அடுக்குமாடி. பதினான்காம் மாடியில் லிஃப்ட் திறந்ததும் சாம்பிராணி மணந்தது, வாழைக்காய்ப் பொரியல் மணந்தது, நெய் மணந்தது. நல்ல மணங்கள். நடைபாதைக் கம்பளம் சப்பாத்துக்குக் கீழே கொஞ்சம் பிசுபிசுத்தது. யாரோ ஈரக் குடையோடு போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டான்.

கதவு திறந்தே கிடந்தது. மங்கை அக்கா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். முழுகி, வெள்ளைச் சேலை கட்டி, நெற்றியில் திருநீறு. சிவானி பழம் வாங்கக் கடைக்குப் போயிருக்கிறாள் என்றார்.

“அக்கா, ஒரு கதை இருக்கு. இருங்கோ.”

“சொல்லும். கை வேலையா இருக்கு, காது சும்மாதானே.”

அவன் நின்றபடியே சொன்னான். கையைப் பிசைந்துகொண்டு, நிலத்தைப் பார்த்துக்கொண்டு. பலகை. குரல். எட்டு மணி. பத்தும் சரி. பதினொரு நாள், பதினொரு குவளை. “நாள் பிழை அக்கா. ஒக்ரோபர் இருபத்தேழு. அவரைக் கொன்றது நான்தான்.” சொல்லி முடிந்ததும் அழுகை வெடித்தது. இவ்வளவு பெரிய அழுகை தனக்குள் இருந்தது அவனுக்கே தெரியாது.

தேங்காய் துருவும் சத்தம் ஒருமுறைகூட நிற்கவில்லை.

“தெரியும் தம்பி” என்றார் மங்கை அக்கா.

மிதுனன் நிமிர்ந்தான்.

“காலமை எட்டு மணிக்கு வந்து கதவைத் தட்டினவர். ஆளைப் பாத்தவுடன எனக்குக் கையுங் காலும் ஓடேல்லை. எல்லாஞ் சொன்னவர்.” துருவலை வழித்துச் சட்டிக்குள் போட்டார். முகத்தில் கோபமே இல்லை. சந்தோசம் இருந்தது, பெருநாளுக்கு விருந்தாளி வந்த வீட்டில் இருக்கிற அந்தப் பரபரப்பான சந்தோசம். “பதினாறு வருசமா அந்த மனுசன் தண்ணி குடிக்கேல்லை. நான் குடுத்தா வாங்குறாரில்லை. உம்மட கையாலதான் வேணுமாம்.”

அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பெரிய தட்டு இருந்தது. அதில் வரிசையாகச் சில்வர் ரம்ளர்கள். மிதுனன் எண்ணவேண்டியிருக்கவில்லை.

“கொண்டுபோய்க் குடும்” என்றார். “உந்த அறைக்குள்ளதான் இருக்கிறார்.”

ஓடியிருக்கலாம். கதவு திறந்துதான் கிடந்தது. ஆனால் அவர் தட்டைத் தூக்கி அவன் கையில் வைத்துவிட்டார். தண்ணீர் விளிம்புவரை நிரம்பி நின்றது, ஒரு துளிகூடச் சிந்தக் கூடாது என்று கைகள் தட்டைச் சமமாகப் பிடித்தன, கால்கள் அவனைக் கேட்காமல் நடந்தன. அறைக் கதவை முழங்கையால் தள்ளினான்.

திரைச்சீலை மூடியிருந்தது. கம்பளம் கணுக்கால்வரை குளிர்ந்தது. கட்டில் ஓரத்தில் அவர் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார். நீலச் சாரம். தோள் எலும்பு. காதோரம் வெள்ளையாய் உப்புப் படிந்த தலைமயிர். சாரத்தின் விளிம்பிலிருந்து சொட்டுச் சொட்டாக.

“அண்ணை.”

அவர் திரும்பினார்.

மிதுனன் தட்டைக் கீழே போடவில்லை. அதுவே பெரிய விசயம்.

முதல் ரம்ளரை நீட்டினான். அந்தக் கை வாங்கியது. வாயில் சரித்தது. தொண்டை அசையவில்லை. தண்ணீர் உள்ளே போனது, போய்க்கொண்டே இருந்தது, பிறகு திரும்பி வந்தது. சாம்பல் நிறமாக, நுரையாக, வாயின் இரு ஓரத்தாலும் வழிந்து ரம்ளரை மறுபடி நிரப்பியது. அவர் அதைத் தட்டில் வைத்தார். இரண்டாவதை எடுத்தார். அதுவும் நிரம்பி வந்தது. மூன்றாவது. நான்காவது. அவசரமே இல்லை. பதினொன்றும் நிரம்பியபிறகு, முதலாவதை எடுத்து மிதுனனின் வாய்க்கு நேரே பிடித்தார்.

முதுகுக்குப் பின்னால் கதவு மெதுவாகச் சாத்தப்பட்டது. வெளியே கொளுக்கி விழுந்தது.

“என்ர பங்கு வேண்டாம் தம்பி” என்றது அந்தக் குரல், தண்ணீருக்குள் இருந்து வருகிற அதே குரல். “நீரே குடியும்.”

வெளியில் மணி அடித்தது. வாங்கோ வாங்கோ என்று மங்கை அக்கா யாரையோ வரவேற்றார். மிதுனன் கத்துவதற்கு வாயைத் திறந்தான். குளிர்ந்த விரல்கள் அவனுடைய தாடையை இதமாகப் பிடித்துக்கொண்டன, குழந்தைக்கு மருந்து கொடுக்கிறபோது தாய் பிடிப்பது போல. உப்பும் எண்ணெயும் தொண்டையை நிறைத்துக்கொண்டு இறங்கின.

முதலாவது முடிந்தது. தட்டில் இன்னும் பத்து இருந்தன.